பதின்மூன்று கையெழுத்து

ரைட்டர் அப்பாத்துரை வாசலில் நின்று செருமியபோது சாரம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டது. பெண்களை உபாத்தியாயினிகளாகப் பயிற்றுவிக்கிற மிஷன் பள்ளிக்கூடம் ஒன்று பாளையங்கோட்டையில் இருந்ததே, மிஸ்ஸியம்மா என்று எல்லோரும் கூப்பிடுகிற வெள்ளைக்காரத் தலைமையாசிரியை நடத்தியது, அதில் அவர் குமாஸ்தா. ஊருக்கெல்லாம் ரைட்டர். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் இல்லாமல் தெருவில் இறங்க மாட்டார். மாசி வெயில் மண்டையைப் பிளக்கிற அந்த மத்தியானத்திலும் அப்படித்தான் வந்திருந்தார், கழுத்தெல்லாம் வேர்வை ஓட. நீளமான ஓர் உறையை இரண்டு விரலால் பிடித்து, கொடுக்க மனசில்லாதவர் மாதிரி நீட்டினார்.

சாரம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வாசிப்பதற்கு அவளுக்கு யார் தயவும் வேண்டாம். இருபத்தெட்டு வருஷமாக மிஷனில் பைபிள் அம்மாவாக இருக்கிறவள். முறப்பநாடு, சீவலப்பேரி, செய்துங்கநல்லூர் என்று ஆற்றங்கரை ஊர்களில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து வேதம் வாசித்துக் காட்டுவாள். ஆசைப்பட்ட பெண்களுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக் கொடுப்பாள். அதற்கு அவளிடம் இருந்த ஒரே சாமான் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஓர் ஈர்க்கு. விரலால் தொட்டுக் காட்டினால் விரலே எழுத்தை மறைத்துவிடும் அல்லவா? அதனால் ஈர்க்கின் நுனியால் அச்செழுத்தின் வளைவு நெளிவெல்லாம் தொடர்ந்துகொண்டே போவாள். அந்த நுனியின் பின்னாலேயே போய் வாசிக்கப் படித்த பெண்கள் முந்நூறு பேராவது இருப்பார்கள்.

கடிதத்தை ஒரே மூச்சில் வாசித்தாள். மார்ச்சு பதினைந்தாம் தேதி சாயங்காலம் நாலு மணிக்கு, பயிற்சி முடித்த பதின்மூன்று பெண்களுக்குச் சான்றிதழ் வழங்கும் விழா. அதற்கு விசேஷ விருந்தினராகச் சாரம்மாள் அவர்கள் வந்திருந்து நல்வார்த்தை சொல்ல வேண்டும். இன்னொரு தடவை வாசித்தாள். 'சாரம்மாள் அவர்கள்' என்றுதான் இருந்தது.

"தம்பி, இது வேற யாரோ சாரம்மாளுக்குப் போற காயிதமா இருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேங்க்கா," என்றார் அப்பாத்துரை ஒளிவுமறைவில்லாமல். "வருசா வருசம் கலெக்டர் துரைசாணி வருவாக, இல்லைன்னா ஜட்ஜ் துரைசாணி வருவாக. இந்த வருசம் வாரேன்னு சொன்ன துரைசாணி மேலுக்கு ஆகலைன்னு கோடைக்கானலுக்குப் போயிட்டாக. நான் பத்துப் பெரிய மனுசங்க பேர எழுதி மிஸ்ஸியம்மா மேசையில வச்சேன். அவுக என்ன செஞ்சாக தெரியுமா? சர்டிபிகேட் வாங்கப் போறது பிள்ளைக, யாரு கையால வாங்கணும்னு அதுகளே சொல்லட்டும்னு ஆளுக்கொரு சீட்டக் கொடுத்திட்டாக. பதிமூணு சீட்டுல ஒம்பது உங்க பேரு. எண்ணினவன் நாந்தான்."

அப்பாத்துரையின் வருத்தத்தையும் சொல்ல வேண்டும். அவருக்கு அந்த விழா என்றால் உயிர். எஃப்.ஏ. பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவர். தோற்ற வருஷம் ஏதோ காரியமாகச் சென்னைப் பட்டணம் போனபோது, செனட் மண்டப வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பி.ஏ. பட்டம் வழங்குவதைப் பார்த்திருக்கிறார். கறுப்பு அங்கி போட்ட பையன்கள் வரிசையாகப் போனதையும், பெரிய மனிதர் ஒருவர் எழுந்து பேசியதையும், கேட்டவர்கள் காது புளிக்கப் புளிக்கச் சொல்வார். தான் வாங்காத பட்டத்துக்குப் பதிலாக, இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் அந்த மண்டபத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் ஆசை. ஊர்வலம், உறுதிமொழி, மேடையில் பச்சைத் துணி விரித்த மேசை எல்லாம் அவர் ஏற்பாடுதான். அப்படிப்பட்ட மேடையில், செருப்பில்லாமல் ஊர் சுற்றுகிற சாரம்மாளா? மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

சாரம்மாளுக்கோ தலைகால் புரியவில்லை. ஒன்பது சீட்டு. வகுப்பிலிருக்கிற பெண்களில் நாலு பேரை அவள்தான் கிராமத்து வீடுகளில் பேசிக் கூட்டிவந்து சேர்த்திருந்தாள். மற்ற ஐந்து பேர் யார்? தன் பெயரை யாரோ ஐந்து பெண்கள், கேட்காமல் கொள்ளாமல் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. காலமான புருஷன் உபதேசியார் இருந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பார். கடிதத்தை மடிக்கப் போனவள், அடியில் இன்னும் ஒரு வரி இருப்பதைப் பார்த்தாள். 'வழக்கப்படி, விருந்தினர் சபையார் முன்னிலையில் ஒவ்வொரு சான்றிதழிலும் தம் கையால் மையினால் கையெழுத்திட்டு வழங்குவார்.'

கடிதத்தைப் பாதி மடிப்போடு மடியில் வைத்துவிட்டாள்.

அவளுக்கு எழுதத் தெரியாது. பெயர்கூட எழுதத் தெரியாது. ஐம்பத்தேழு வயதில், முந்நூறு பேருக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தவளுக்கு எழுதத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஒன்பது வயதில், புளியமரத்தடிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவள் கையில் எழுத்தாணியைக் கொடுத்த அன்றே அவள் அப்பா வந்து பிடுங்கிப் போட்டுவிட்டார். பொம்பளைப் பிள்ளை வேதம் வாசிக்கப் படித்தால் போதும், எழுதப் படித்தால் எவனுக்காவது ஓலை எழுதுவாள் என்பது அவர் கட்சி. அந்தக் காலத்தில் பாதி அப்பாக்களுக்கு அதுதான் கட்சி. பிறகு மிஷனில் வேலைக்கு எடுத்தபோது பாதிரியார் வேதத்தில் ஓர் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். தண்ணீர் மாதிரி வாசித்தாள். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"தம்பி, நான் மேடைக்கெல்லாம் லாயக்குப்பட மாட்டேன். வரலைன்னு சொல்லிருங்க."

அப்பாத்துரையின் முகம் ஒரு நொடியில் மலர்ந்தது. கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்தார். "அதுவும் சரிதாங்க்கா. நான் சொன்னா மிஸ்ஸியம்மா நம்ப மாட்டாக. நீங்களே ரெண்டு வரி, இன்ன காரணத்தால வர முடியலைன்னு எழுதிக் கொடுத்திருங்க. வாரதுன்னா எழுத்து வேண்டாம். வரலைன்னாத்தான் வேணும்."

சாரம்மாள் அந்தத் தாளைப் பார்த்தாள். பென்சிலைப் பார்த்தாள். நல்லவேளை, உளுந்தில் கல் ஒன்று கண்ணில் பட்டது. அதைப் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டு, "வாரேன்னே சொல்லிருங்க," என்றாள்.

அப்பாத்துரை போன பிறகு வெகுநேரம் முறத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் போடுவது ஒருபக்கம் இருக்கட்டும், அதற்குப் பின்னால் இருந்ததல்லவா பெரிய காரியம். பைபிள் அம்மாமார் மாதாமாதம் மிஷனுக்கு ஒரு டைரி கொடுக்க வேண்டும். முப்பத்தொரு வரி அச்சடித்த தாள். எந்தத் தேதியில் எந்த ஊர், எத்தனை வீடு, யார் கேட்டார்கள் என்று நாளுக்கு ஒரு வரி. அடியில், 'மேற்கண்டவை என் கையால் எழுதப்பட்டவை' என்று அச்சடித்திருக்கும். இருபத்துமூன்று வருஷம் அதை எழுதியது அவள் புருஷன் வேதநாயகம் உபதேசியார். விளக்கு வைப்பதற்கு முன்னால், முற்றத்தில் வெளிச்சம் இருக்கும்போதே பக்கத்தில் வந்து உட்காருவார். "இன்னைக்கு எங்கன போன, சாரா?" என்பார். அவள் சொல்லச் சொல்ல எழுதுவார். எழுதுகிற வரி ஒன்று. கேட்கிற கதை ஒரு மணி நேரம். யார் வீட்டில் மருமகள் அழுதாள், எந்தக் கிழவி மோர் கொடுத்தாள் என்று எல்லாம் கேட்பார். எழுதச் சொல்லித் தருகிறேன் என்று அவர் எத்தனையோ தடவை கூப்பிட்டதுண்டு. அவள்தான் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டாள். ஏன் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன் அவர் காலமானார். அடக்கம் முடிந்த மாதக் கடைசியில் டைரித் தாள் முன்னால் கிடந்தபோதுதான் அவளுக்கு உலகமே கைவிட்டுப் போனது உறைத்தது. அப்போது முறப்பநாட்டிலிருந்து அவள் கூட்டிவந்து சேர்த்த பெண் யூனிஸ், விடுதியிலிருந்து பார்க்க வந்திருந்தாள். பதின்மூன்று வயது. "எனக்குக் கண்ணு மங்கலாயிட்டுட்டி. நான் சொல்லுதேன், நீ எழுது," என்றாள் சாரம்மாள். அன்றிலிருந்து மாதக் கடைசி தவறாமல் யூனிஸ் வருவாள். உபதேசியார் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து எழுதுவாள். அவளும் இந்தப் பதின்மூன்று பேரில் ஒருத்தி. ஏரலில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலையும் சொல்லி வைத்திருந்தார்கள். டைரி விஷயம் வெளியே வந்தால் தன் வேலை போவது இருக்கட்டும், பொய்க்கு எழுதிக் கொடுத்தவள் என்று இந்தப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கொடுப்பார்களா? அந்த நினைப்பு வந்ததும் சாரம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இரண்டு நாள் கழித்து, பெப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி யூனிஸ் வந்தாள். அந்த வருஷம் பெப்ரவரிக்கு ஒரு நாள் கூடுதல். வழக்கமாக வாசலிலேயே பேச்சை ஆரம்பிக்கிறவள், அன்றைக்கு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து இருபத்தொன்பது வரியையும் எழுதி முடித்தாள். பேனாவைத் துடைத்து வைத்துவிட்டு, தாவணிக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்த சிலேட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். அதில் பெரிதாகச் 'சாரம்மாள்' என்று எழுதியிருந்தது.

"பெரியம்மா, சீட்டுல உங்க பேர எழுதும்போது எனக்குக் கையெழுத்து நெனப்பே வரலை. எழுதிப் போட்ட பொறவுதான் வந்துச்சு. மத்த பிள்ளைககிட்டயும் நாந்தான் உங்களப் பத்திச் சொன்னேன்."

"கையெழுத்துக்கு என்னட்டி? எனக்குக் கண்ணு..."

"கண்ணு மங்கலானவங்க பொடி எழுத்து வேதப் புத்தகத்த வெளக்கு வெளிச்சத்துல வாசிக்க மாட்டாக பெரியம்மா," என்றாள் யூனிஸ், தலையைக் குனிந்துகொண்டே. "எனக்கு ரெண்டாவது மாசமே தெரியும்."

சாரம்மாளுக்குச் சுருக்கென்றது. ஐந்து வருஷமாக இந்தப் பிள்ளை தெரிந்துகொண்டே, தெரியாதவள் போலத் தன் எதிரில் உட்கார்ந்து எழுதியிருக்கிறது. தன்னைத் தோலுரித்து வெயிலில் நிறுத்திய மாதிரி இருந்தது. "நீ விடுதிக்குப் போ. மணியடிக்கப் போறான்," என்றாள் வெடுக்கென்று. யூனிஸ் எழுந்து போனாள். சிலேட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அன்று முழுக்கச் சிலேட்டின் பக்கமே திரும்பவில்லை. மறுநாள் விடிகாலை வண்ணார்பேட்டைப் படித்துறைக்குக் குளிக்கப் போனபோது, துணி மூட்டைக்குள் ஈர்க்கு இருந்தது. தண்ணீர் வற்றி விலகிய இடத்தில் ஈரமணல் வழவழவென்று கிடந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து, ஈர்க்கை மணலில் வைத்தாள். என்ன ஆச்சரியம், 'ச' வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக அச்செழுத்தின் மேல் வளைந்து வளைந்து போன கை அல்லவா, வழி அதற்குத் தெரிந்திருந்தது. கோணலும் மாணலுமாகத்தான் வந்தது. ஆனாலும் வாசித்தால் அவள் பெயர்தான். அவளே எழுதி அவளே வாசித்த முதல் சொல். மணலில் கிடந்த அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"என்னக்கா, ஆத்துக்குள்ள கோலமா?" என்று கேட்டாள் துணி வெளுக்க வந்த ஞானம்பாள்.

"ஆமா, கோலந்தான்," என்று சொல்லிக் காலால் அழித்துவிட்டாள் சாரம்மாள்.

இரண்டு வாரமும் இதே வேலை. காலையில் மணல், மத்தியானம் சிலேட்டு. யூனிஸ் நடுவில் ஒரு நாள் மைக்கூடும் எஃகுப் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். மணலில் வந்தது மையில் வரவில்லை. பேனா தாளைக் கிழித்தது, மை கொட்டியது, விரலெல்லாம் நீலம். இட்டலிக்கு அரைத்த மாவில்கூட மை வாசனை அடிப்பதாக அவளுக்குத் தோன்றியது. பதினான்காம் தேதி சாயங்காலம்தான் கிழியாமல், கொட்டாமல், முழுசாக ஒரு பெயர் வந்து விழுந்தது.

விழா மண்டபத்தில் மாவிலைத் தோரணமும் கலர்க் காகிதமும் கட்டியிருந்தார்கள். பெஞ்சுகளில் பாதிரிமார், வாத்தியார்கள், ஊர்களிலிருந்து வண்டி பூட்டிக்கொண்டு வந்த தாய் தகப்பன்மார். மேடையில் மிஸ்ஸியம்மாவுக்குப் பக்கத்தில் உயரமான நாற்காலி ஒன்றில் சாரம்மாளை உட்காரவைத்தார்கள். கால் தரையில் எட்டவில்லை. பதின்மூன்று பெண்களும் வெள்ளைச் சேலையில் வரிசையாக வந்து நின்று உறுதிமொழி வாசித்தார்கள். பிள்ளைகளிடம் பட்சமாயிருப்போம், சோம்பலாயிரோம், பொய் பேசோம் என்று ஒரே குரலில் வாசித்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு அப்பாத்துரை கோட்டுப் பொத்தானை அவிழ்ப்பதும் போடுவதுமாக ஓரத்தில் நின்றார்.

மற்ற விருந்தினர்கள் பேனாவை எடுத்தால், கண்மூடித் திறப்பதற்குள் எலி ஓடின மாதிரி ஒரு கிறுக்கல் கிறுக்கிவிட்டுப் போவார்கள். யாராலும் வாசிக்க முடியாது. சாரம்மாள் முதல் சான்றிதழில் பேனாவை வைத்து எடுக்கவே ஒரு கீர்த்தனையின் சரணம் பாடும் நேரம் ஆனது. இரண்டாவதுக்கும் அவ்வளவு நேரம். கூட்டம் பொறுமை இழந்துவிடுமோ என்று பயந்து அப்பாத்துரை ஆர்மோனியக்காரரைப் பார்த்துக் கையை ஆட்ட, உண்மையிலேயே கீர்த்தனை பாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு சரணம் என்று கணக்காகப் போயிற்று. இவ்வளவு பயபக்தியாக எந்தத் துரைசாணியும் கையெழுத்துப் போட்டதில்லை என்று முன் பெஞ்சில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது சாரம்மாள் காதில் விழுந்தது. அவள் பயபக்தியையெல்லாம் நினைக்கவில்லை. அடுத்த வளைவை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாக வயதில் இளையவளான யூனிஸ் வந்தாள். பதின்மூன்றாவது கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்காமல் வந்தது. சான்றிதழை அவள் கையில் கொடுத்தபோது, பொழைச்சேன் என்று சாரம்மாளுக்கு உள்ளே ஒரு பெருமூச்சு வந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று பேனாவைக் கீழே வைக்கப் போனாள். அப்பாத்துரை தோல் அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து அவள் முன்னால் விரித்தார்.

"விருந்தாளி புஸ்தகங்க்கா. வாழ்த்து ரெண்டு வரி எழுதி, கீழ பேரப் போட்டுருங்க."

"இத நீங்க சொல்லலையே தம்பி."

"இதச் சொல்லணுமாக்கும்? வாரவுக எல்லாரும் எழுதுவாகளே."

எதிர்ப் பக்கத்தில் போன வருஷத்துத் துரைசாணி இங்கிலீஷில் பக்கம் நிறைய எழுதியிருந்தாள். இந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. சாரம்மாளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். மற்றதெல்லாம் வாசிக்கத்தான் தெரியும். பேனாவைப் பிடித்த கை அப்படியே நின்றது. கீர்த்தனையும் நின்றுபோயிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடையைவிட்டு இறங்காமல் நின்ற யூனிஸ் முன்னால் வந்தாள். "மிஸ்ஸியம்மா, பெரியம்மாவுக்குக் கண் மங்கல். அவர்கள் சொல்லட்டும், நான் எழுதுகிறேன்," என்றாள். மிஸ்ஸியம்மா சரி என்று தலையசைத்தாள். யூனிஸ் மேசைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, சாரம்மாளின் விரல்களிலிருந்து பேனாவைப் பையத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. இரண்டு வரி சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். சாரம்மாள் யூனிஸின் கையைப் பார்த்தாள். இடது கையில் இன்னும் மை காயாத சான்றிதழ். பொய் பேசோம் என்று அந்தப் பிள்ளை உறுதிமொழி வாசித்து முழுசாக ஒரு மணி நேரம் ஆகவில்லை. உபாத்தியாயினி ஆன பிறகு அது சொல்லுகிற முதல் பொய் தனக்காக. அதுவும் தான் சொல்லிக் கொடுத்த பொய். சாரம்மாளுக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"பேனாவ வையிட்டி," என்றாள்.

நாற்காலியிலிருந்து இறங்கி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மேடைப் பேச்சு அவளுக்கு வராது. வீட்டு முற்றத்தில் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"எனக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. அந்தக் கடேசி பெஞ்சுல இருக்கவ காதுல கெடக்குற கம்மல் கூடத் தெரியுது. எனக்கு எழுதத்தான் தெரியாது. இப்பப் போட்டேனே, அந்தப் பேரு மட்டும் தெரியும். அதுவும் பதினஞ்சு நாளாத்தான். சின்னதுல எங்கய்யா எழுத்தாணியப் பிடுங்கிப் போட்டாக. அது அவுக குத்தம். அதுக்குப் பொறவு படிக்காதது என் குத்தம். உபதேசியார் சொல்லித்தாரேன்னுதான் சொன்னாக. நான் படிச்சிட்டா, சாயங்காலம் பக்கத்துல உக்காந்து எங்கன போன சாரான்னு கேக்க மாட்டாகளேன்னு படிக்கல. அந்த ஒரு மணி நேரத்துக்கு ஆசப்பட்டு மிஷனுக்குப் பொய் சொல்லிட்டேன். மாசாமாசம் வந்த டைரி எதுவும் என் கையால எழுதினதில்ல."

மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அப்பாத்துரை நோட்டின் மேல் கையை வைத்தபடி மரமாக நின்றார். சாரம்மாள் பதின்மூன்று பெண்களின் பக்கம் திரும்பினாள்.

"வாழ்த்து எழுதச் சொன்னாக. சொல்லத்தான் எனக்கு முடியும். நாளைக்கு உங்ககிட்ட படிக்க ஒருத்தி வந்து உக்காருவா. என்ன தெரியாதுன்னு அவ வாய்விட்டுச் சொல்ல மாட்டா. கண்ணு மங்கல்னு சொல்லுவா, அடுப்புல சோறு கெடக்குன்னு சொல்லுவா, உங்க மேல எரிஞ்சுகூட விழுவா. கோவப்பட்டு எந்திரிச்சுப் போயிராதீங்க தாயி. சிலேட்ட அங்கனயே வச்சிட்டுப் போங்க."

யூனிஸ் மண்டியிட்ட இடத்திலேயே முகத்தை மேசைத் துணியில் புதைத்துக்கொண்டாள்.

மிஸ்ஸியம்மா பேசுவது பைபிள் தமிழ். "உபதேசியார் காலமான பின்பு, இந்த ஐந்து வருஷமாய் எழுதிக் கொடுத்தது யார்?" என்று கேட்டாள்.

"அது ஒரு சின்னப் பிள்ளை. கண்ணு தெரியலைன்னு நான் சொன்னத நம்பிச்சு," என்றாள் சாரம்மாள், இமைக்காமல். "அதுக்கு ஒண்ணுந் தெரியாது."

மிஸ்ஸியம்மா சாரம்மாளைப் பார்த்தாள். பிறகு பச்சைத் துணியில் குலுங்குகிற தலையைப் பார்த்தாள். நோட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினாள். "ஜெபிப்போம்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாளே வேலை போன கடிதம் வரும் என்று சாரம்மாள் காத்திருந்தாள். வரவில்லை. மூன்று நாள் வெளியே தலைகாட்டாமல் கிடந்தாள். நாலாம் நாள், முறப்பநாட்டில் ஒருத்தி பாலபாடத்தில் பாதியில் நிற்கிறாளே என்று நினைப்பு வர, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுக்கு முடித்துக் கொடுத்துவிட்டு வருவோம் என்று கிளம்பிப் போனாள். அங்கே விஷயம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. பாடம் முடிந்த பிறகு, "எழுதவும் சேத்துப் படிப்பமா பெரியம்மா?" என்றாள். 'படிப்பமா' என்றதில் தானும் சேர்த்தி என்று சாரம்மாளுக்கு விளங்கிவிட்டது. ஆற்றைக் கடந்து வருகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

முப்பதாம் தேதி சாயங்காலம் வாசலில் செருமல் கேட்டது. அப்பாத்துரை. கையில் உறை இல்லை, ஒற்றைத் தாள். சாரம்மாள் வாங்கிப் பார்த்தாள். டைரித் தாள். மார்ச்சு மாதம். முப்பத்தொரு வரியும் வெறுமையாக இருந்தன. அடியில் 'என் கையால்' என்ற இரண்டு சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தது.

"மிஸ்ஸியம்மா குடுக்கச் சொன்னாக. வேற ஒண்ணுஞ் சொல்லலை," என்றார் அப்பாத்துரை. போகத் திரும்பியவர் நின்று, கோட்டுப் பையிலிருந்து அந்தப் பழைய பென்சிலை எடுத்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, வாசற்படியில் வைத்தார். "மைன்னா அழிக்க ஏலாதுங்க்கா. மொதல்ல இதுல எழுதிப் பாருங்க. பொறவு மேல மை ஓட்டிக்கிடலாம். நானும் எஃப்.ஏ.வுக்கு அப்படித்தான் படிச்சேன்."

"அப்படிப் படிச்சுமா ரெண்டு தடவ போச்சு?"

அப்பாத்துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விழாவுக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்புவதற்குள் யூனிஸ் வந்தாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, திங்களன்று விடியுமுன் ஏரலுக்கு வண்டி. சொல்லிவிட்டுப் போக வந்திருந்தாள். முற்றத்தில் தாள் கிடந்ததைப் பார்த்ததும், ஐந்து வருஷப் பழக்கத்தில் கால் தானாக அந்த இடத்துக்குப் போய்விட்டது. உட்கார்ந்து கையையும் நீட்டினாள். சிவப்புக் கோடு கண்ணில் பட்டது. நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு என்ன தெரியும்னு அனுப்பியிருக்காகட்டி?" என்றாள் சாரம்மாள். "முப்பத்தொரு வரி. நீயும் போயிருவ."

யூனிஸ் எழுந்து போய் மாடத்திலிருந்து பாலபாடத்தை எடுத்துவந்து தாளுக்கு மேலே விரித்து வைத்தாள். மூலையில் சார்த்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, நுனியை ஒடித்துச் சரிபார்த்தாள். பென்சிலைச் சாரம்மாளின் விரலுக்குள் வைத்தாள். முற்றத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. விளக்கு வைக்க நேரம் இருந்தது.

"சொல்லுங்க பெரியம்மா," என்றாள். "ஒண்ணாந்தேதி எங்கன போனீய?"

அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போய்விடும் என்று பயந்துதானே சாரம்மாள் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முறப்பநாடு," என்றாள். யூனிஸ் புத்தகத்தில் 'மு' எங்கே இருக்கிறது என்று தேடி, ஈர்க்கின் நுனியை அதன் மேல் வைத்து, பையப் பைய வளைத்துக் காட்டினாள். பென்சில் அதன் பின்னாலேயே போனது. எழுத்துக்கள் பெரிது பெரிதாக விழுந்தன. ஊர் என்று போட்டிருந்த கட்டத்துக்குள் 'முறப்' வரைக்கும்தான் இடம் இருந்தது. மீதி, கோட்டைத் தாண்டி, எத்தனை வீடு என்ற கட்டத்துக்குள் இறங்கி, யார் கேட்டார்கள் என்ற கட்டத்துக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. யூனிஸ் தடுக்கவில்லை, ஈர்க்கை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினாள்.